கேட்டால்தான் சொல்வார்

போன வாரம், பால் பொங்கி அடுப்பில் வழிவதுகூடத் தெரியாமல் சமையலறையில் நின்றுகொண்டிருந்த செயலாளரை அப்படியே விட்டுவிட்டு வந்தோம். பால் போனது போகட்டும். அவள் மண்டையைக் குடைந்த விஷயம் வேறு.

அவள் செயலாளராக இருக்கும் கிரிக்கெட் லீக்கில் ஆறு அணிகள். மேட்டு வட்டாரத்துக்கு ஏழாவதாக ஓர் அணி கொடுக்கலாமா, வேண்டாமா என்பதில் மூன்று அணிகள் இந்தப் பக்கம், மூன்று அணிகள் அந்தப் பக்கம். சமமாக நின்றால் செயலாளரின் ஓட்டுதான் முடிவு. ஏழாவது அணிக்குக் கேப்டனாகப் போகிறவனோ அவளுடைய கூடப்பிறந்த தம்பி.

நான் விலகிக்கொள்கிறேன் என்று சொல்லிப் பார்த்தாள். ஒருவரும் விடவில்லை. வேண்டும் என்றவர்கள், தம்பிப் பாசத்தில் தங்கள் பக்கம் சாய்வாள் என்று நம்பினார்கள். வேண்டாம் என்றவர்கள், நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்களே என்ற பயத்தில் தங்கள் பக்கம் சாய்வாள் என்று நம்பினார்கள். ஆக, இரண்டு தரப்புக்கும் அவள்மேல் அபார நம்பிக்கை. அவளுக்குத்தான் இல்லை.

இன்று சாயங்காலம் கூட்டம். அதுவும் மேட்டு வட்டாரத்துப் புது மைதானத்திலேயே.

காலையிலிருந்தே அவளுக்கு எரிச்சல். முதல் காரணம் கட்டிய கணவர். வாரநாட்களில் மூக்குக்கண்ணாடிக் கடை, சனிக்கிழமை மத்தியானம் வெள்ளைக் கோட்டு. லீக்கில் பேர் சொன்னால் தெரிந்த அம்பயர். புது மைதானத்தைப் பார்த்துவிட்டு வரும்படி சங்கம் அவரைத்தான் அனுப்பியிருந்தது. போனார், வந்தார், சாப்பிட்டார், படுத்தார். மைதானம் வட்டமா சதுரமா என்றுகூட வீட்டில் சொல்லவில்லை.

கல்யாணமான புதிதில் அவர் போட்ட சட்டம் அது. தான் அம்பயர், மைத்துனன் பந்துவீச்சாளர், ஆகவே ஆட்டத்துப் பேச்சு வாசலோடு சரி. இத்தனை வருஷத்தில் அதை அவர் ஒரு நாளும் தளர்த்தியதில்லை.

"கிரவுண்டு எப்படி இருந்துச்சுன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன குறைஞ்சு போயிடும்?" என்று அவள் கேட்டாள்.

அம்பயர் சட்டைப் பொத்தானைப் போட்டு முடித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். காபிக்குச் சர்க்கரை போதுமா என்று கேட்டாலும் இவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிற மனிதர்.

"கூட்டத்துல கேளு. சொல்றேன்."

"நான் உங்க பொண்டாட்டிங்க."

"அதனாலதான் இங்க சொல்லல. நான் இங்க சொல்லி நீ அங்க ஓட்டுப் போட்டா, வீட்டுலயே பேசி முடிச்சுட்டு வந்துட்டாங்கம்பாங்க."

அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. தப்பாகப் பேசுகிறவரோடு சண்டையாவது போடலாம்.

போதாக்குறைக்கு, காரில் வரமாட்டேன் என்றுவிட்டார். ஆட்டக்காரன் ஓட்டும் வண்டியில் அம்பயர் உட்கார்ந்து போகக் கூடாதாம். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார்.

கார் ஓட்டியவன் தம்பி. ஊரெல்லாம் அவனுக்கு வைத்த பேர் எக்ஸ்பிரஸ். ஒரு காலத்தில் அவன் ஓடி வந்தால் மட்டை பிடிப்பவர்கள் கால் மாறி நிற்பார்கள். இப்போது பாசஞ்சர் என்று முதுகுக்குப் பின்னால் சிரிக்கிறார்கள். இரண்டு சீசனாக மில் அணியில் இருக்கிறான் என்றுதான் பேர். வேலை, இடைவேளையில் தண்ணீர் கொண்டு போவது. முழங்கால் இன்னும் ஒரு சீசன் தாங்கும், அதற்கு மேல் என்னைக் கேட்காதே என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

இந்த நிலையில்தான் மேட்டு வட்டாரத்தில் ஒரு காட்சிப் போட்டி நடந்தது. அதில் எக்ஸ்பிரஸ் ஐந்து விக்கெட் எடுத்தான். எடுத்தது மட்டுமா, பாதிப் பேருக்கு ஸ்டம்பு பறந்தது. அந்த ஒரு சாயங்காலம்தான் அவனைக் கேப்டன் ஆக்கியது.

வழியெல்லாம் அவன்தான் பேசினான். மேட்டுப் பையன்களில் யார் யாரை எடுப்பது, யாரை எந்த முனையில் போட வைப்பது என்று ஓயவில்லை. அவன் மனைவி டீச்சர். அவளும் தனக்காகவே மேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றல் வாங்கிவிட்டாள், வீட்டில் சாமான் கட்டிக்கொண்டிருக்கிறாள் என்று சந்தோஷமாகச் சொன்னான்.

ஓட்டே இன்னும் போடவில்லையே என்று அக்கா நினைவூட்டினாள்.

"நீ இருக்கியே," என்றான் தம்பி.

அவளுக்குச் சுருக்கென்றது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மைதானம் நன்றாகத்தான் இருந்தது. குறை சொல்லக் கூடாது. நெடுஞ்சாலையை ஒட்டி மேற்கே இரண்டு மாடிப் பெவிலியன். உள்ளே பச்சைப் பசேல் என்று புல். புது அணியைத் தூக்கி நிறுத்தப் போகிறவர் ஒரு மரக்கடைக்காரர். கட்டடத்தின் ஒவ்வொரு கதவையும் தானே இழைத்த மாதிரி தடவிக் காட்டினார். ரோட்டில் போகிறவன் நிமிர்ந்து பார்த்தால் பெவிலியன்தான் தெரிய வேண்டும், மாடியில் உட்கார்ந்தால் பந்துவீச்சாளரின் முதுகுக்கு நேர் பின்னாலிருந்து ஆட்டம் தெரிய வேண்டும், அதற்குத் தோதாகப் பிட்ச்சைப் போட்டேன் என்றார்.

மற்ற அணிக்காரர்களின் வேன் இன்னும் வரவில்லை. தம்பிக்குக் கை சும்மா இருக்கவில்லை. நம்ம பிட்ச் எப்படி என்று நீயே பார், ஒரே ஒரு பந்து என்று அக்காவை இழுத்துக்கொண்டு போனான். கையில் ஒரு மட்டையையும் திணித்தான்.

சின்ன வயதில் வீட்டுச் சந்தில் அவள்தான் அவனுக்கு மட்டை பிடிப்பாள். அவன் பந்தைச் சுவரைத் தாண்டி அடித்து அழவிட்டிருக்கிறாள். அந்தத் தெம்பில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, கிழக்கு முனையில் போய் நின்றாள்.

தம்பி பெவிலியன் பக்கமிருந்து நாலு எட்டு வைத்து வந்தான். வேகமில்லை. அக்காவுக்குப் போடுகிற பந்து.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். வெயில்தான் தெரிந்தது.

பெவிலியன் கூரைக்குச் சற்று மேலே சூரியன். அதன் கீழே எல்லாமே வெள்ளை. தம்பி வருவது நிழலாகத் தெரிந்தது. கை மேலே போனது தெரியவில்லை. பந்து கையை விட்டதும் தெரியவில்லை. ஏதோ தரையில் தட்டிய சத்தம் கேட்டது. அடுத்த நொடி தோளுக்குக் கீழே நங்கென்று விழுந்தது.

மட்டையை அவள் அசைக்கவே இல்லை.

வலி ஒரு பக்கம் இருக்கட்டும். அவளுக்கு அந்த இடத்திலேயே எல்லாம் புரிந்துவிட்டது. உலகத்தில் எங்கே பிட்ச் போட்டாலும் வடக்குத் தெற்காகப் போடுவார்கள். காலை வெயிலோ மாலை வெயிலோ யார் கண்ணிலும் நேராக விழக் கூடாது என்பதற்காகத்தான். இங்கே ரோட்டைப் பார்த்துக் கட்டடம், கட்டடத்தைப் பார்த்துப் பிட்ச். கிழக்கு மேற்காகப் போட்டு வைத்திருக்கிறார்கள். லீக்கில் ஆடுகிறவர்கள் எல்லாரும் வேலைக்குப் போகிறவர்கள். சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்துதான் ஆட்டமே தொடங்கும். சாயங்காலம்தான் ஆட்டத்தின் உயிர்.

காட்சிப் போட்டி அன்றைக்கு அவுட்டான அந்த ஐந்து பேரும் இந்த முனையில்தான் நின்றிருப்பார்கள். வெயிலில் கண் கூசியது என்று அவர்கள் சொன்னபோது, தோற்றவன் சொல்லும் சாக்கு என்று எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

தம்பி ஓடி வந்தான். மரக்கடைக்காரர் ஐஸ் கொண்டு வந்தார். கவனிக்காமல் நின்றுவிட்டேன் என்று அவள் சமாளித்தாள். தம்பி அவள் முகத்தையே பார்த்தான். அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

கூட்டம் பெவிலியன் மாடியில். அவள் கையில் ஐஸ் துணியோடு தலைமை நாற்காலியில் உட்கார்ந்தாள். அம்பயர் சுவர் ஓரமாக, முழங்கால்மேல் கை வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் போட்டோவுக்கு உட்கார்ந்த மாதிரி இருந்தார். கேப்டனாகப் போகிறவன் கதவருகே நின்றான்.

வேண்டாம் என்றவர்கள் தூரத்தைப் பிடித்துக்கொண்டார்கள். மத்தியானம் வேலையை முடித்துவிட்டு மேடு ஏறி வந்து எப்போது ஆடுவது, எப்போது திரும்புவது என்றார் துறைமுக அணியின் மேனேஜர். பஸ்ஸில் வந்தால் பாதிப் பேருக்கு வாந்தி என்றார் இன்னொருவர். வேண்டும் என்றவர்கள், புது இடம், புதுக் கூட்டம், லீக் வளரும் என்றார்கள். வளர்ந்தால் மட்டும் எங்கள் பஸ் பறக்குமா என்றார் துறைமுகம். இதே வாய்ச்சண்டையைப் போன மாதமும் கேட்டாயிற்று, அதற்கு முந்தைய மாதமும் கேட்டாயிற்று. அவளுக்குத் தலை வலித்தது.

கடைசியில் மரக்கடைக்காரர் எழுந்தார். அவருக்குக் கூட்டத்தில் பேச வராது. மேஜையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"உங்க ஆறு டீம்லயும் எங்க ஊர்ப் பசங்க இருக்காங்க. வாராவாரம் பையைத் தூக்கிக்கிட்டு இறங்கி வர்றாங்க. அவங்க ஒருநாளும் தூரம்னு சொன்னதில்ல. நீங்க வருஷத்துக்கு ஒரு தடவை ஏறி வாங்கன்னுதான் கேட்கிறேன்."

துறைமுகம் பேனா மூடியைக் கழற்றி மாட்டினார். இந்த ஆளுக்கு அணி கொடுக்காவிட்டால் இந்த லீக் எதற்கு என்று செயலாளருக்குத் தோன்றியது.

ஆனால், பிட்ச்சைப் பற்றி ஒருவராவது கேட்க வேண்டுமே. வேண்டும் என்றவர்கள் கேட்கவில்லை, கேட்டு எதற்கு வம்பு. வேண்டாம் என்றவர்களும் கேட்கவில்லை, அவர்களுக்குத் தூரமே போதுமாக இருந்தது. கேட்காமல் அம்பயர் சொல்ல மாட்டார். மைதானத்திலும் அவர் அப்படித்தான். மட்டை பிடிப்பவன் பட்டவர்த்தனமாக அவுட் ஆகியிருந்தாலும், பந்து போட்டவர்கள் அவுட்டா என்று கேட்டு அப்பீல் செய்யாவிட்டால் அம்பயர் விரலைத் தூக்கக் கூடாது. கிரிக்கெட்டின் சட்டம் அது. இவர் அதை வீட்டுக்கும் கூட்டத்துக்கும் சேர்த்தே வைத்துக்கொண்டிருந்தார்.

அவள் அவரைப் பார்த்தாள். சொல்லுங்களேன் என்று கண்ணால் கெஞ்சினாள். அவர் ஜன்னலுக்கு வெளியே வெயிலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வேண்டும் என்றவர்களைக் கை தூக்கச் சொன்னாள். மூன்று. வேண்டாம் என்றவர்கள். அதுவும் மூன்று. எல்லா முகங்களும் அவள் பக்கம் திரும்பின.

ஆம் என்று சொன்னால் போதும். தம்பிக்கு மிச்சமிருக்கும் அந்த ஒரு சீசன் கிடைத்துவிடும். யாரும் கேட்காததை அவள் ஏன் கேட்க வேண்டும். சனிக்கிழமை சாயங்காலம் யாரோ ஒரு பையன் அந்தக் கிழக்கு முனையில் நிற்பான். அவனுக்கு எதிரே யாரோ ஒருவன் முழு வேகத்தில் ஓடி வருவான். நாலு எட்டு வைத்துப் போட்ட பந்துக்கே அவள் கை வீங்கிக் கிடந்தது.

"ஓட்டுக்கு முன்னாடி ஒரு கேள்வி," என்றாள். குரல் அவளுக்கே வேறு யாரோ பேசுவது போல் இருந்தது. "கிரவுண்டைப் பார்த்துட்டு வந்தவரைக் கேட்கிறேன். சாயங்காலம் இந்தப் பிட்ச்ல மட்டை பிடிக்க முடியுமா?"

அம்பயர் எழுந்து நின்றார்.

"முடியாது."

பிறகு நிதானமாக விளக்கினார். கிழக்கு மேற்காகப் போட்ட பிட்ச், பெவிலியன் முனையிலிருந்து வரும் பந்து சாயங்காலத்தில் கண்ணுக்கே தெரியாது, ஆபத்து என்றார். காட்சிப் போட்டியில் அந்த முனையில் நின்ற அம்பயர் தான்தான், வெயில் தன் முதுகில் அடித்ததால் தனக்கும் உறைக்கவில்லை, அன்றைக்கு இரண்டு பேருக்கு எல்பிடபிள்யூ அவுட் கொடுத்ததை நினைத்தால் இப்போது கூசுகிறது என்றும் சொன்னார். கண்ணாடிக் கடைக்காரருக்கே கண் தெரியவில்லையா என்று யாரோ முணுமுணுத்தார்கள். அவர் அதற்கும் தலையாட்டினார்.

மரக்கடைக்காரர் எழுந்து போய் ஜன்னல் வழியே தன் மைதானத்தைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். திருப்பிப் போட முடியுமா என்று கேட்டார். தோண்டி எடுத்து, வடக்குத் தெற்காக மண் நிரப்பி, இறுகி, புல் பிடித்து ஆட்டத்துக்கு வர ஒரு சீசன் ஆகும் என்றார் அம்பயர். சரி, திருப்பிவிடுகிறேன் என்றார் மரக்கடைக்காரர்.

அப்புறம் நடந்ததைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. மாதக்கணக்கில் அடித்துக்கொண்டவர்கள் ஒரே நிமிஷத்தில் ஒன்று சேர்ந்தார்கள். இந்த வருஷம் இல்லை, அடுத்த வருஷம் ஏழாவது அணி. ஆறு கையும் தூக்கியாயிற்று. துறைமுகம்கூட. அடுத்த வருஷம் பஸ்ஸில் வாந்தி வராது போலிருக்கிறது. கை தட்டினார்கள். டீ வந்தது. மேட்டு வட்டாரத்துக்கு லீக் வந்துவிட்டது, எல்லாருக்கும் சந்தோஷம்.

கதவருகே தம்பி இல்லை. அவன் முழங்காலுக்குத்தான் அடுத்த வருஷம் கிடையாது.

டீ கிளாஸோடு மில் அணியின் மேனேஜர் பக்கத்தில் வந்தார். பாவம் மேடம் உங்க தம்பி என்றார். கொஞ்சம் பொறுத்திருக்கலாம், காலையிலேயே என்னிடம் வந்து அணியிலிருந்து விலகிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார், அவர் இடத்துக்கு நானும் வேறு ஆளைச் சேர்த்துவிட்டேன், உங்களுக்குத் தெரிந்திருக்குமே என்றார்.

அவளுக்குத் தெரியாது. கிளாஸை மேஜையில் வைத்துவிட்டு மாடிப்படியில் தடதடவென்று இறங்கினாள்.

தம்பி கிழக்கு முனையில் நின்றிருந்தான். அவள் மட்டையோடு நின்ற அதே இடம். சூரியன் கூரைக்குப் பின்னால் இறங்கியிருந்தது. இப்போது எல்லாம் தெளிவாகத் தெரிந்தது.

"மில் டீமை விட்டுட்டு வந்துட்டியாமே. யாரைக் கேட்டுடா விட்ட?"

அவன் பெவிலியன் கூரையைப் பார்த்தான்.

"எனக்கு வேற வழி தெரியலடா," என்றாள். அழுகை வந்துவிட்டது. "நீ போட்ட பந்து எனக்குத் தெரியவே இல்ல. அன்னைக்கு நீ எடுத்த அஞ்சு விக்கெட்டும்..."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"மூணாவது விக்கெட்டுலயே தெரியும்க்கா. ஸ்டம்பு விழுந்த பிறகும் அந்தப் பையன் பந்தைத் தேடிக்கிட்டு இருந்தான்."

"அப்பவே ஏன்டா சொல்லல?"

"ரெண்டு வருஷமா தண்ணி தூக்கிட்டு நிக்கிறேன். ஒரே ஒரு சீசன். வெயில் கொடுத்தா என்ன, வேற யார் கொடுத்தா என்னன்னு வாயை மூடிக்கிட்டேன்." தம்பி காலால் புல்லைத் தள்ளினான். "இன்னைக்குப் பந்து உன் மேல வந்து விழற வரைக்கும் நீ கண்ணைக்கூடச் சிமிட்டலக்கா. நீ கேட்டுடுவேன்னு தெரியும். கேட்கட்டும்னுதான் கதவுகிட்ட நின்னேன்."

அவளுக்குத் தம்பியின் முகத்தை அடித்து நொறுக்கலாம் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது. இரண்டும் செய்யவில்லை. அதற்குள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அம்பயர் மெதுவாக நடந்து வந்தார். அவரைக் கண்டதும் அவளுக்கு அடக்கி வைத்தது எல்லாம் வெடித்தது.

"இவர் நான் கேட்கணும்னு உட்கார்ந்திருந்தார். நீ நான் கேட்பேன்னு நின்னுக்கிட்டு இருந்த. ரெண்டு பேருக்கும் எல்லாம் தெரியும். இந்தக் குடும்பத்துல வாய் எனக்கு மட்டும்தான் இருக்கா?"

அம்பயர் வழக்கம்போல நேரம் எடுத்துக்கொண்டார். பிறகு, அவள் அடிபட்ட கையைப் பிடித்துப் பார்த்து, தப்புதான் என்று மட்டும் சொன்னார்.

அவள் கைப்பைக்குள் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தாள். டீச்சர்.

தம்பி போனைப் பார்த்தான்.

"நீயே சொல்லிடேன்க்கா. நீ சொன்னா அவ தாங்கிப்பா."

அம்பயர் மைதானத்து எல்லைக் கோட்டைப் பார்க்கத் தொடங்கினார். போன் விடாமல் அடித்தது. அவள் பொத்தானை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு, தம்பியின் உள்ளங்கையில் வைத்தாள்.

"அண்ணி, கூட்டம் முடிஞ்சுதா?" பின்னால் லாரி எஞ்சின் ஓடும் சத்தம். டீச்சரின் குரலில் மூச்சு வாங்கியது. "சாமான் எல்லாம் ஏத்தியாச்சு. வீட்டுச் சாவியையும் இப்பதான் ஓனர் கையில கொடுத்தேன். எந்தத் தெருவுக்கு வரணும்னு டிரைவர் கேட்கிறார். அவர் எங்க, உங்க பக்கத்துல இருக்காரா?"

தம்பி அக்காவைப் பார்த்தான்.

இந்தத் தடவை அவள் வாயைத் திறக்கவில்லை.